கடலில் இறக்கிய படகு ஏன் ஒழுகுகிறது?

படகுப் பழுது: வாசகர் கேள்வி – பதில்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-உடன் முடிகிறது. விசைப்படகுகள் கரையேறும் அதே நாள்களில்தான் வள்ளக்காரர்களும் ஃபைபர்காரர்களும் பழுதுக்கு ஆள் பிடிக்கிறார்கள். அக்னி வெயிலில் காய்ந்த படகெல்லாம் ஒரே வாரத்தில் தண்ணீரைத் தொடுகிறது. அதனால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒழுகல் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: 32 அடி மர வள்ளம். பழசாக வாங்கி, ஏராவை (அடி நடுக்கட்டையை) ஒட்டிய பலகை இரண்டையும் மாற்றி, புது ஆணி அடித்து, பெயின்ட் பூசினோம். இரண்டு மாதம் வெயிலில் கிடந்தது. முந்தாநாள் இறக்கினோம். மணிக்கு இருபது வாளி இறைக்கிறோம். ஓடாவி (படகு கட்டும் தச்சர்), "ஊறட்டும், தானா நிக்கும்" என்கிறார். கூட்டாளியோ திரும்ப ஏற்றி இடுக்கெல்லாம் எபாக்ஸி ரொப்பிவிடலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (பாம்பன்)

பதில்: ஓடாவி சொல்வது முக்கால் பங்கு சரி. கூட்டாளி சொல்வதைச் செய்யவே செய்யாதீர்கள்.

காய்ந்த பலகை சுருங்கும், நனைந்தால் உப்பும். இடுக்குகள் திறந்ததும் அதனால்தான், இனி மூடப்போவதும் அதனால்தான். திறந்த இடுக்கில் கல்லாக இறுகும் எபாக்ஸியை ரொப்பினால் பலகை உப்பும்போது அதற்கு இடம் இருக்காது. பலகை ஓரம் நசுங்கும், அல்லது ஆணி இழுபடும், அல்லது வங்கு (பலகையைத் தாங்கும் விலாக்கட்டை) விரியும். அடுத்த தடைக்காலத்தில் பலகை மறுபடி சுருங்கும்போது இடுக்கு முன்னைவிடப் பெரிதாகியிருக்கும். எபாக்ஸியும் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஓடாவி சொல்லாமல் விட்ட கால் பங்கு இதுதான்: மரம் அகலவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் உப்பாது என்றே சொல்லலாம். பலகையும் பலகையும் பக்கவாட்டில் சேரும் நீள இடுக்கு ஊறினால் மூடும். ஆனால் இரண்டு பலகை முனையோடு முனை முட்டும் இடமும், பலகை முனை அணியத்தில் (படகின் முன்முனையில்) போய்ப் பொருந்தும் இடமும் எத்தனை நாள் ஊறினாலும் மூடாது. அங்கே ஒழுகினால் காத்திருப்பது வீண்.

ஆகவே வாளிக் கணக்கை எழுதி வையுங்கள். முதல் நாள் மணிக்கு இருபது, இரண்டாம் நாள் பத்துப் பன்னிரண்டு, மூன்றாம் நாள் நாலைந்து என்று இறங்கினால் ஓடாவி ஜெயித்தார். (இந்த இதழ் கைக்கு வருவதற்குள் அது தெரிந்துவிடும்.) மூன்றாம் நாளும் நாலாம் நாளும் ஒரே எண்ணில் நின்றால் அது ஊறி நிற்கும் ஒழுகல் அல்ல. தேக்குப் பலகை என்றால் இன்னும் கவனம். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகவே உப்பும், திறந்த இடுக்கை அது மூடிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

அதுவரை ஆள் இல்லாமல் படகை விடக்கூடாது. முதல் மூன்று இரவும் யாராவது படகிலேயே படுக்க வேண்டும். இடைக்காலத்துக்கு மரத்தூள் வைத்தியம் உண்டு. ஒரு டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு, மெல்லிய மரத்தூளை நிரப்பி, கம்பில் கட்டி, ஒழுகும் இடுக்குக்கு வெளியே தண்ணீருக்குள் பிடித்து ஆட்டுங்கள். உள்ளே இழுக்கும் தண்ணீரோடு தூளும் போய் இடுக்கில் அடைத்து அங்கேயே உப்பும். ஓடத் தொடங்கினால் கழன்றுவிடும். ஊறும் நாள்களைக் கடத்த மட்டும்தான் அது.

நிற்கவில்லை என்றால் திரும்ப ஏற்றிக் கலப்பத்து (இடுக்கில் பஞ்சு அடித்து அடைக்கும் வேலை) பார்ப்பதுதான் வழி. சந்தேகப்பட்ட இடுக்கில் பழைய பஞ்சையும் பட்டியையும் (புட்டியையும்) முழுக்கச் சுரண்டி எடுங்கள். இடுக்கு உள்பக்கம் பலகையோடு பலகை தொட்டு, வெளிப்பக்கம் மட்டும் விரிந்து இருக்க வேண்டும். ஓர் அங்குலப் பலகைக்கு வெளியே ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. திறப்பு போதும். உள்ளேயும் திறந்திருந்தால் பஞ்சு மறுபக்கம் போய்விடும், அங்கே பஞ்சு நிற்காது. பலகையையே பார்க்க வேண்டும். மரத்தில் எண்ணெய் பிரைமர் ஒரு கை பூசி, பஞ்சுத் திரியைச் சின்னச் சின்ன வளையமாக மடித்து உளியால் செருகிக்கொண்டே போய், பிறகு கொட்டாப்புளியால் இறுக்குங்கள். பலகைக் கனத்தில் பாதி ஆழம் வரை பஞ்சு போக வேண்டும். காதும் வேலை செய்ய வேண்டும்: தளர்ந்த பஞ்சில் அடி மந்தமாகக் கேட்கும், இறுகியதும் சத்தம் கணீரென்று மாறும். மாறியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அடிப்பதும் எபாக்ஸி ரொப்புவதும் ஒன்றுதான். ஊறும்போது ஆணியை இழுக்கும். பஞ்சு மேல் மறுபடி பெயின்ட், அதன் மேல் மென்மையான பட்டி. பட்டியைப் பலகை மட்டத்துக்கு ஒரு மி.மீ. கீழே நிறுத்துங்கள், ஊறிய பிறகு அதுவே வெளியே பிதுங்கி மட்டமாகும்.

அடுத்த வருடம் கரையேற்றினால் ஓலையோ தார்ப்பாயோ போட்டு நிழல் செய்யுங்கள். இறக்க நாலு நாள் முன்பிருந்து நனைத்த கோணிச்சாக்கை உள்ளே இடுக்கு நெடுகப் பரப்பி, காலை மாலை கடல் தண்ணீர் ஊற்றி வாருங்கள். நல்ல தண்ணீர் வேண்டாம், மரம் உளுப்பதே அதில்தான். படகைத் தொட்டிபோல ரொப்பவும் வேண்டாம். வெளியே தாங்கத் தண்ணீர் இல்லாதபோது உள்ளே நிற்கும் தண்ணீரின் பாரம் முழுதும் ஆணியில் விழும்.

கேள்வி: பாதி இடுக்கில் பழைய குங்கிலிய எண்ணெய்ப் பூச்சு இருக்கிறது. அதன் மேல் கடையில் விற்கும், துப்பாக்கியால் பிதுக்கிப் போடும் சீலன்ட் (இடுக்கடைக்கும் பசை) போடலாமா? (கீழக்கரை)

பதில்: எண்ணெய் குடித்த மரத்தில் அந்த சீலன்ட் ஒட்டாது. பார்க்க அழகாக இருக்கும், ஒரு மாதத்தில் நாடாபோல உரிந்து வரும். குங்கிலியம் போட்ட படகுக்குக் குங்கிலியமே போடுங்கள். பாலியூரித்தேன் சீலன்ட்தான் வேண்டும் என்றால் புதுப் பலகையில், எண்ணெய் தொடாத இடுக்கில், பஞ்சுக்கு மேல் மட்டும். சிலிக்கான் வேண்டாம், பிறகு அந்த இடத்தில் பெயின்ட்கூடப் பிடிக்காது.

கேள்வி: இரவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எஞ்சின் போட்டு ஓட்டினால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கம் தாரையாக ஊற்றுகிறது. கிளாண்டை இறுக்கினேன், நின்றது. அரைமணியில் கை வைக்க முடியாத சூடு. தளர்த்தினால் மறுபடி ஊற்றுகிறது. (மண்டபம்)

பதில்: கிளாண்ட் என்பது ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரை மறிக்கும் பெட்டி. அதற்குள் இருக்கும் பேக்கிங் கயிறு செத்துவிட்டது. செத்த கயிற்றை இறுக்க இறுக்க அது ஷாஃப்டைத்தான் தின்னும்.

முதலில் சரியான கனம். கிளாண்ட் பெட்டியின் உள்விட்டத்தில் ஷாஃப்ட் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுங்கள். பெட்டி 60, ஷாஃப்ட் 40 என்றால் 10 மி.மீ. கயிறு. கண் மதிப்பில் வாங்காமல் வெர்னியர் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கிரீஸ் ஏற்றிய ஃபிளாக்ஸ் கயிறோ டெஃப்லான் ஏற்றியதோ, இரண்டும் சரி.

மாற்றும் வேலையைப் படகு கரையில் இருக்கும்போதே செய்யுங்கள். பழைய கயிறு முழுவதும் வெளியே வர வேண்டும். அடியில் இருக்கும் கடைசி வளையம் கருகி இறுகிக் கிடக்கும். "அது கிடக்கட்டும்" என்று விட்டு மேலே இரண்டு வளையம் போடுவதால்தான் பாதிப் படகுகளில் புதுப் பேக்கிங்கும் ஒரு மாதத்தில் போகிறது. தக்கை திருகிபோல் நுனியுள்ள கம்பியை அதில் திருகி இழுத்தால் வரும். ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எந்தக் கயிறும் நிற்காது. ஷாஃப்டை லேத்துக்கு அனுப்புங்கள்.

ஷாஃப்ட் கனமுள்ள குழாயில் கயிற்றைச் சுற்றி, வளையம் வளையமாகச் சாய்த்து வெட்டுங்கள். நீளக் கயிறாகவே சுருட்டித் திணிக்கக் கூடாது. மூன்று அல்லது நாலு வளையம். ஒவ்வொன்றின் மூட்டும் முந்தையதற்கு வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கட்டும். ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி அமர்த்திவிட்டு அடுத்ததைப் போடுங்கள். இரண்டு நட்டையும் சமமாகக் கையால் திருகும் அளவுக்கு மட்டும் முடுக்கி இறக்குங்கள். அரைமணி ஓட்டிவிட்டு, தேவைப்பட்டால் நட்டின் ஆறு முகத்தில் ஒரு முகம் மட்டும் திருப்புங்கள். மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். கனமான ஷாஃப்டில் பத்து வரை போகலாம். அந்தச் சொட்டுதான் கயிற்றைக் குளிர வைக்கிறது. முழுக்க நிறுத்தத்தான் நீங்கள் முயன்றீர்கள், அதனால்தான் சூடு. முடிந்ததும் லாக் நட்டை மறக்காதீர்கள்.

புதுக் கயிறும் சீக்கிரம் தேய்ந்தால் எஞ்சினும் ஷாஃப்டும் நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். கரையில் கட்டை மேல் நிற்கும்போது பார்த்த அலைன்மென்ட் தண்ணீரில் செல்லாது, படகு மிதந்ததும் உடம்பு வளைந்து கொடுக்கும். இறக்கி இரண்டு மூன்று நாள் கழித்து, டீசல் ரொப்பி, எஞ்சினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டைக் கழற்றி, இரு தட்டுக்கும் நடுவே மேல், கீழ், இடம், வலம் நாலு இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். தட்டின் விட்டம் 125 மி.மீ. என்றால் நாலு இடத்து இடைவெளிக்குள் வித்தியாசம் 0.12 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. ஷாஃப்டை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அளங்கள். பெரிய இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது தட்டு கோணல். அதே இடத்தில் நின்றால் எஞ்சின் மவுன்ட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: எங்கட வள்ளம் 28 அடி, உள் இஞ்சின். போன மாசம்தான் முழுக்கத் திருத்தி இறக்கினது. விடியப் போய்ப் பார்த்தால் பின்பக்கம் அரை முழங்கால் தண்ணி. எங்கால வருகுது எண்டு பிடிக்க ஏலாமல் கிடக்கு. (வல்வெட்டித்துறை)

பதில்: தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒழுகலைத் தேடுகிறீர்கள். வங்குகளுக்கு அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக எந்தத் தண்ணீரும் ஓடிப் பள்ளத்தில், அதாவது பின்பக்கமான அமரத்தில்தான் சேரும். அணியத்தில் நுழைந்ததும் அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் நாக்கில் ஒரு சொட்டு. கரிக்கவில்லை என்றால் அது மழைத் தண்ணீர், மேல்தளத்தைப் பாருங்கள். கரித்தால், படகை முழுக்க இறைத்து, துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பிறகு வங்கு ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் களிமண்ணாலோ துணியாலோ அடைத்துவிடுங்கள். படகு இப்போது தனித்தனி அறையாகிவிட்டது. ஒரு மணி கழித்து எந்த அறையில் தண்ணீர் நிற்கிறதோ அந்த அறையை மறுபடி உலர்த்தி, முகப்பவுடரோ சுண்ணாம்புத் தூளோ மெல்லத் தூவி, டார்ச்சைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தூளில் ஈரக்கோடு ஒன்று விழும். அதன் மேல்முனைதான் நீங்கள் தேடுவது. அந்த இடத்தில் சோக் கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். கரையேற்றியதும் எங்கே என்று மறந்துபோகும்.

பார்க்கும் வரிசை: கிளாண்ட், எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் எடுக்கும் வால்வும் அதன் ஹோஸும், ஏராவும் முதல் பலகையும் சேரும் இடுக்கு, ஏராக்கட்டை இரண்டு துண்டாக இணைந்த மூட்டு, புதிதாக அடித்த ஆணிகள். ஹோஸின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டுத் தடவுங்கள். ஏராக்கட்டை மூட்டில் ஒழுகினால் வெளியிலிருந்து எதைப் பூசியும் பயனில்லை. மூட்டுக்கோடு முதல் பலகை பதியும் பள்ளத்தைக் கடக்கும் இடத்தில் குறுக்கே துளைத்து மென்மரக் குச்சி அடிப்பது பழைய முறை. குச்சி ஊறி உப்பி, மூட்டு வழியே ஊர்ந்து வரும் தண்ணீரை மறிக்கும். பழுதில் ஏராவை மாற்றும்போது அந்தக் குச்சியை மறந்துவிடுவது வழக்கமான தவறு. உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை பாய் விரித்துப் போய்ச் சேர்ந்தது இப்படிப்பட்ட ஓடாவி வேலையை நம்பித்தான்.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் படகு, இரண்டாம் கையாக வாங்கினேன். பெயின்ட் அடித்து இறக்கியதில் முன்னைவிடத் தாழ்ந்து மிதக்கிறது. கரையோரம் ஒழுகல் இல்லை, கடலில் ஓடினால் தண்ணீர் ஏறுகிறது. (கடலூர்)

பதில்: இருபது வருடப் படகில் இது இரண்டு தனித்தனிச் சங்கதி.

தாழ்ந்து மிதப்பது: அணியத்திலும் பக்கங்களிலும் மூடிய அறைக்குள் மிதப்புக்காக வைத்த ஃபோம் தண்ணீர் குடித்திருக்கும். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ, மீன் நிரம்பிய மூன்று பெட்டி ஏற்றியது மாதிரி. கரையேற்றி, அறையின் அடிமட்டத்தில் உள்தோலில் 12 மி.மீ. துளை போடுங்கள். தண்ணீர் வந்தால் ஃபோமை எடுத்துவிட வேண்டியதுதான், காயவைத்துச் சரிவராது. புதிதாகத் தெர்மோகோல் வைப்பதானால் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வையுங்கள். பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மோகோல் கரைந்து கூழாகிவிடும்.

ஓடும்போது மட்டும் ஏறுவது: மூன்று இடம் பாருங்கள். மணலில் இழுத்து இழுத்துத் தேய்ந்த அடிமுதுகு, அங்கே வெள்ளை நார் தெரிந்தால் தண்ணீர் அதன் வழியே திரிபோல ஏறும். எஞ்சின் மாட்டும் பின்பலகையின் போல்ட் துளைகள். சிறிய ஸ்பேனரால் தட்டினால் நல்ல இடம் 'டக்' என்னும், உள்ளே பிளைவுட் உளுத்த இடம் 'தொப்' என்னும். மூன்றாவது, நிற்கும்போது தண்ணீருக்கு மேலே இருக்கும் விரிசல். ஓடும்போதும் பாரம் ஏற்றும்போதும்தான் அது நனையும். கரையில் வைத்து, அடிக்கு நன்றாக முட்டுக் கொடுத்து, உள்ளே ஒரு சாண் உயரம் மட்டும் தண்ணீர் விட்டால் அடிமட்டத்து ஓட்டை வெளியே கசிந்து காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் ஊற்றாதீர்கள், ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன்.

ஒட்டுப் போடும்போது அவசரம்தான் எதிரி. நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, குறைந்தது நாலு நாள் காய விடுங்கள். விரிசலைச் சுற்றிப் பெயின்டும் ஜெல்கோட்டும் (வெளிப்புற வழவழப்புப் பூச்சும்) போகத் தேய்த்து, தோல் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாக இழையுங்கள், 6 மி.மீ. தோல் என்றால் விளிம்பிலிருந்து 7 செ.மீ. செங்குத்தாக வெட்டிய பள்ளத்தில் போட்ட ஒட்டு மூடிபோலக் கழன்று வரும். அசிட்டோன் துணியால் துடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடிநார் மேட்டை அடுக்குங்கள். ஓர் அடுக்கு இறுகினால் ஏறத்தாழ ஒரு மி.மீ. நாலு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் போட்டால் சூடேறி வெடிக்கும். மேட் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின். ஒரு சதுர மீட்டரில் நாலு அடுக்குக்கு மேட் 1.8 கிலோ, ரெசின் நாலு கிலோ. இந்த வெயிலுக்குக் கிலோ ரெசினுக்கு 10 மி.லி. கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) போதும், 20-ஐத் தாண்டாதீர்கள். ரோலரால் காற்றுக் குமிழி போக உருட்ட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கோபால்ட்டையும் (ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கரைசல்) கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். அளக்கும் மூடி ஒன்றையே இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். கடைக்காரரிடம் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய ஃபைபர் மேல் எபாக்ஸி இன்னும் நன்றாகப் பிடிக்கும், விலை அதிகம். அதைப் போடுவதானால் சாதா மேட் வேண்டாம், நெய்த கண்ணாடித்துணி வாங்குங்கள். மேட்டில் இழையைப் பிடித்திருக்கும் பசை எபாக்ஸியில் கரையாது.

கேள்வி: மணிக்கு 1,900 லிட்டர் என்று பெட்டியில் போட்ட பில்ஜ் பம்ப் (படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப்) வாங்கியிருக்கிறேன். ஓட்டை விழுந்தாலும் சமாளிக்குமா? (காரைக்கால்)

பதில்: சமாளிக்காது. நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே ஓர் அங்குல ஓட்டை விழுந்தால் நிமிடத்துக்கு 55 லிட்டர், மணிக்கு 3,300 லிட்டர் வரும். உங்கள் பம்ப் பெட்டியில் உள்ள எண்ணோ தண்ணீரை மேலே தூக்காமல் அளந்தது. ஒன்றரை மீட்டர் உயரமும் நெளி ஹோஸும் சேர்ந்தால் வெகுவாகக் குறையும். அது கசிவுக்கான பம்ப். வால்வுக்குப் பக்கத்திலேயே அதன் துளைக்குப் பொருந்தும் கூம்பு மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸ் பிய்த்துக்கொண்டால் பம்பைவிட அதுதான் படகைக் காக்கும். பேட்டரியையும் கணக்குப் போடுங்கள். அந்த அளவு பம்ப் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்றால் 25 மணி நேரம். அதற்குள் யாராவது படகுக்கு வர வேண்டும்.

கேள்வி: இறக்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, தண்ணீர் எடுக்கும் வால்வு கையோடு உடைந்து வந்தது. உடைந்த இடம் செம்புபோலச் சிவந்திருக்கிறது. (தூத்துக்குடி)

பதில்: வீட்டுக் குழாய்க்கு விற்கும் பித்தளை வால்வைப் போட்டுவிட்டார்கள். கடல் தண்ணீர் பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தை அரித்து எடுத்துவிடும். மிஞ்சுவது பிஸ்கட் மாதிரியான செம்பு. வெண்கலம் அல்லது கன்மெட்டல் என்று கேட்டு வாங்குங்கள். அதே ஆள் அதே சமயத்தில் மாட்டிய மற்ற ஃபிட்டிங்குகளையும் கத்தி நுனியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் இன்னும் பிழைத்திருக்கிறது, சிவந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ஷாஃப்டில், மற்ற உலோகத்துக்குப் பதில் தான் கரைவதற்காக மாட்டும் ஜிங்க் கட்டி இருக்கிறதா, அதன் மேல் யாராவது பெயின்ட் அடித்துவிட்டார்களா என்றும் பாருங்கள். பெயின்ட் அடித்த கட்டி கரையாது. அதற்குப் பதில் ப்ரொப்பல்லர் கரையும். கட்டி பாதி தேய்ந்ததும் புதிது போடுங்கள்.